வீடு கட்டுவோரும் ஒப்பந்ததாரர்களும் அடிக்கடி கேட்கும் கட்டடப் பாதுகாப்புக் கேள்விகள்

தமிழ்நாட்டில் தனி வீடு, சிறு அடுக்குமாடி, கடை கட்டும் உரிமையாளர்களுக்கும் அந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் உரிய பதில்கள் இவை. அனுமதிக்கு அடிப்படை 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். கட்டடத்தின் பலத்துக்கும் வேலைத்தளப் பாதுகாப்புக்கும் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) நெறிகளும் 2016 தேசியக் கட்டட நெறித்தொகுப்பும் அடிப்படை. கட்டட விதிகளில் அடிக்கடி திருத்தம் வருகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளான் அப்ரூவல் கிடைத்துவிட்டது. கட்டடத்தின் பலத்தையும் அதிகாரிகள் சோதித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இல்லை. நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். மனையில் எந்த இடத்தில் கட்டலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை சதுர அடி, எவ்வளவு உயரம், வண்டி எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்பதையெல்லாம் அனுமதி வரைபடம் சொல்லும். தூணுக்குள் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எந்த ஆழத்தில், எந்த மண்ணில் உட்கார வேண்டும் என்பது அதில் இருக்காது. 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரக் கட்டடங்களுக்குக் கட்டமைப்பு வடிவமைப்பைத் தனியே சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீட்டுக்கு அந்தப் பொறுப்பு உங்களுடையதும் உங்கள் பொறியாளருடையதும்தான்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதுவும் அனுமதி பெற்று எழுந்த கட்டடம்தான். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஆகவே அப்ரூவல் வரைபடத்தோடு இன்னும் இரண்டு காகிதங்கள் கையில் இல்லாமல் கடைக்கால் தோண்டாதீர்கள். ஒன்று மண் பரிசோதனை அறிக்கை. மற்றது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட கட்டமைப்பு வரைபடம். "பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிதான் தோண்டினாங்க" என்பதைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். ஏரியை மண்கொட்டி நிரப்பிய மனையில் மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்குக் கீழே சேறு இருக்கும். ஒரே தெருவில் நாலு மனை தள்ளினாலே மண் மாறிவிடுகிறது.

சிறிய வீட்டுக்கு அனுமதியை எப்படிப் பெறுவது?

மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு முதல் மாடி என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஒற்றைச்சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கும். கிரயப் பத்திரம், பட்டா, மனையின் புகைப்படம், வரைபடம் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. நீங்கள் சொல்வதை நம்பித் தரும் அனுமதி இது. தவறான அளவைக் கொடுத்தால் பின்னால் ரத்தாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, "அரசாங்கமே ஒரு நாளில் கொடுத்துவிட்டது" என்ற நிம்மதியில் பொறியாளரையே வைக்காமல் கட்டிவிடுவது.

இதைவிடப் பெரிய கட்டடங்களுக்கு, அளவைப் பொறுத்து உள்ளாட்சி, நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) என்று விண்ணப்பம் போகும்.

பணி நிறைவுச் சான்று எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள், எட்டு வீடுகளுக்கு மிகாத குடியிருப்புக்கு விலக்கு உண்டு. விலக்கில்லாத கட்டடத்துக்கு அந்தச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கிடைக்காது. வரைபடத்தில் வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தில் கடை கட்டியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

மனையை ஒட்டி மின்கம்பி போகிறது. எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்?

வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பி என்றால் கிடைமட்டமாக 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர். 11 கிலோவோல்ட் என்றால் கிடைமட்டம் 1.2, மேலே 3.7 மீட்டர். 33 கிலோவோல்ட் என்றால் கிடைமட்டம் 2.0, மேலே 3.7 மீட்டர். சுவரிலிருந்து அளக்கக் கூடாது. பால்கனி, சன்ஷேடு என்று எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதிலிருந்து, கம்பி காற்றில் ஆடி மிக அருகே வரும் நிலைக்கு அளக்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு இந்த இடைவெளி போதும். கட்டும்போது போதாது. இரும்புக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதை மாடிக்குத் தூக்கித் திருப்பும்போதுதான் மறுமுனை லைனில் படுகிறது. சாரக் குழாய், சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் அச்சு) தகடு, அலுமினிய ஏணி ஆகியவற்றிலும் இதே ஆபத்து. கம்பியைத் தரையிலேயே அளவுக்கு வெட்டி, லைன் இல்லாத பக்கமாக ஏற்றுங்கள். லைனை நகர்த்த வேண்டுமானால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து, மதிப்பீட்டுத் தொகை கட்டி, வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். கம்பிமேல் பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிட்டால் தொடலாம் என்று நினைப்பது உயிரைக் கேட்கும் தவறு. அந்தக் குழாய் மின்காப்பாக ஆகாது.

பக்கத்து வீட்டை ஒட்டிக் கடைக்கால் தோண்டுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் பக்கத்து வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு சிறு குழி தோண்டிப் பாருங்கள். அதைவிட ஆழமாக அதன் அருகிலேயே தோண்டினால், அவர்கள் வீட்டைத் தாங்கும் மண்ணையே எடுக்கிறீர்கள். முழு நீளத்தையும் ஒரே நாளில் ஜேசிபி விட்டுத் திறக்காமல், ஒன்றரை மீட்டர் போலத் துண்டு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கட்டி, மூடிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். தொடங்கும் முன் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையிலேயே தேதியோடு படம் எடுத்துவைத்தால் பாதிச் சண்டை வராது.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில், பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்த மண்தான் மழை பெய்த மறுநாள் உள்ளே நிற்பவர் மேல் சரிகிறது. இறங்கி ஏற ஏணி வேண்டும். அது தரைக்கு மேல் 90 செ.மீ. நீண்டிருக்க வேண்டும்.

காங்கிரீட் போடும் முன் கம்பி கட்டியதில் எதைப் பார்ப்பது?

கம்பி காங்கிரீட்டுக்குள் மறைந்த பிறகு தவறைக் கண்டுபிடிப்பது கடினம், திருத்துவது அதைவிடக் கடினம். "பொறியாளர் பார்த்து ஒப்புதல் எழுதித் தராமல் காங்கிரீட் இல்லை" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பார்க்க வேண்டியவை:

கவர் பிளாக் (கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடைவெளி விட வைக்கும் கட்டை). தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் தின்பதால் இன்னும் கூடும். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிப்பதை ஏற்காதீர்கள். வைப்ரேட்டர் பட்டதும் அது நழுவி, கம்பி தகட்டில் உட்கார்ந்துவிடும். பத்து வருடத்தில் கூரையிலிருந்து காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவது இதனால்தான்.

ஒட்டு (இரு கம்பிகளை இணைக்க ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் நீளம்). 500 தரக் கம்பியும் எம் 25 பலத் தரக் காங்கிரீட்டும் என்றால் விட்டத்தைப் போல் சுமார் 49 மடங்கு. 12 மி.மீ. கம்பிக்கு 60 செ.மீ., 16 மி.மீ. கம்பிக்கு 80 செ.மீ. என்று நினைவில் வையுங்கள். தூணில் எல்லாக் கம்பிகளையும் தளத்துக்கு மேலே ஒரே இடத்தில் ஒட்டுவது நம் ஊர் வழக்கம். நிலநடுக்க நெறியின்படி ஒட்டு தூண் உயரத்தின் நடுப்பாதியில் வர வேண்டும், ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் ஒட்டக் கூடாது.

ரிங் (தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி). முனைக் கொக்கி 135 பாகை மடங்கித் தூணின் உள்ளே போக வேண்டும். 90 பாகையில் மடக்குவது சுலபம் என்பதால் கம்பி கட்டுபவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். தூண் குலுங்கிக் காரை உடையும்போது அந்த ரிங் திறந்துகொள்ளும். சென்னைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2002ஆம் ஆண்டு நெறியிலேயே சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

கலவையில் எவ்வளவு தண்ணீர்?

தளத்தில் கலக்கும் எம் 20 காங்கிரீட்டுக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போகாமல் வைத்திருங்கள். மழையில் நனைந்த மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கொட்டுவதற்கு வசதியாகப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றும் ஒவ்வொரு கூடுதல் லிட்டரும் பின்னால் ஆவியாகி, உள்ளே நுண்துளையை விட்டுப்போகிறது. இளக வேண்டுமானால் அதற்கான பிளாஸ்டிசைசர் சேருங்கள், தண்ணீரை அல்ல. ரெடிமிக்ஸ் லாரியில் தளத்துக்கு வந்த பிறகு தண்ணீர் ஊற்றுவதற்கும் இதுவே பதில்.

ஊற்றும் காங்கிரீட்டிலிருந்தே 15 செ.மீ. கனசதுரக் கட்டி வார்த்து, அதன் பலத்தைச் சோதியுங்கள். ஐந்து கனமீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று. ஒரு மாதிரிக்கு மூன்று கட்டிகள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) வாங்கும்போது பொதுப்பணித்துறைத் தரச்சான்று உள்ள ஆலையா என்று கேளுங்கள். பில்லும் இல்லாமல் சான்றும் இல்லாமல் வரும் சாம்பல்நிறத் தூள் பெரும்பாலும் வெறும் கிரஷர் டஸ்ட்.

சென்ட்ரிங்கை எத்தனை நாளில் பிரிக்கலாம்?

சாதாரண ஓ.பி.சி. (கலப்பில்லாத போர்ட்லேண்ட்) சிமெண்டுக்குக் காங்கிரீட் நெறியான ஐ.எஸ். 456 தரும் குறைந்தபட்ச நாட்கள்: தூண், பீம் பக்கத் தகடுகள் 16 முதல் 24 மணி நேரம். தளத்தின் முட்டுகள் 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டுகள் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (பொசோலானா கலந்த சிமெண்ட்). அது மெதுவாக இறுகும், ஆகவே இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டுக்கு வாடகை ஏறுகிறது என்பதற்காக ஒப்பந்ததாரர் அவசரப்படுவார். அந்த வாடகையை முதலிலேயே விலையில் சேர்த்துப் பேசிவிட்டால் அவசரம் இருக்காது.

மேல் தளம் போடும்போது அதன் முழு எடையும் முட்டு வழியாகக் கீழ்த் தளத்துக்கு இறங்குகிறது. 125 மி.மீ. தளம் 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 29 டன். கீழ்த் தளத்தின் முட்டை எடுத்துவிட்டு மேலே ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சவுக்குக் கம்பு முட்டுக்கு அடியில் செங்கல் அடுக்காதீர்கள், பலகை போடுங்கள். நடுவில் குறுக்குக் கட்டு கட்டுங்கள். ஊற்றும்போது கீழே ஒருவர் முட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், ஆனால் தளத்துக்கு நேர் அடியில் நிற்கக் கூடாது.

சன்ஷேடும் பால்கனியும் ஏன் அடிக்கடி விழுகின்றன?

ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகைக்கு இழுவிசை மேல்பக்கத்தில் வரும். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சாதாரணத் தளத்தில் கீழே போட்டுப் பழகிய கை இங்கேயும் கீழே போட்டுவிடும். சரியாக மேலே கட்டிய கம்பியும், காங்கிரீட் கொட்டுபவர் அதன்மேல் மிதிக்கும்போது கீழே இறங்கிவிடும். கம்பியை மேலேயே தாங்கி நிறுத்தும் 'சேர்' என்ற வளைத்த கம்பித் தாங்கி போடுங்கள், நடக்கத் தனிப்பலகை போடுங்கள். சன்ஷேடின் பின்னால் லிண்டல்மேல் (ஜன்னல், கதவுக்கு மேலுள்ள காங்கிரீட் பட்டை) சுவர் ஏறி எடை உட்கார்வதற்கு முன் முட்டைப் பிரித்தால் மொத்தமாகக் கவிழும்.

பால்கனி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் முடிந்த தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. மட்டம் போட்டு, ஓடு பதித்த பிறகு அளக்க வேண்டும்.

புதுத் தண்ணீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பிரிக்க இறங்கலாமா? அதில் கழிவுநீர்கூட இல்லையே?

நம் ஊரில் தொழிலாளிகள் இறப்பது பழைய செப்டிக் டேங்கில் மட்டுமல்ல. ஒரு சொட்டுக் கழிவுநீரும் படாத புதுச் சம்ப்பிலும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இறக்கிறார்கள். தளம் போட்டு, மூடியை அடைத்து, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுகிறோம். உள்ளே க்யூரிங் தண்ணீரில் ஊறிய பலகையும் கம்பும் அழுகுகின்றன, இரும்புத் தகடு துருப்பிடிக்கிறது. இரண்டும் ஆக்சிஜனைத் தின்கின்றன. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே 10 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், இறங்கியவர் சத்தம் போடக்கூட நேரமின்றி நினைவிழப்பார். நாற்றம் இருக்காது, கண் எரியாது. எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. "மயங்கி விழுந்துட்டான்" என்று அடுத்தவர் குதிக்கிறார், அவரைத் தூக்க மூன்றாமவர் குதிக்கிறார். இரண்டு மூன்று சாவுகள் ஒன்றாக நடப்பது இப்படித்தான்.

வடிவமைக்கும்போதே எதிரெதிர் மூலைகளில் 60 செ.மீ. சதுரத்தில் இரண்டு திறப்புகள் வையுங்கள். சிறு தொட்டிக்கு உள்ளே சென்ட்ரிங்கே வேண்டாம்: மேல்மூடியை வெளியே வார்த்த பலகைகளாகத் தூக்கி வைக்கலாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீரை வெளியிலிருந்தே மோட்டாரில் இறைத்து, இரண்டு மூடிகளையும் முந்தைய நாளே திறந்து, புளோயரின் (காற்றூதும் இயந்திரம்) குழாயை அடிவரை இறக்கிக் காற்று செலுத்துங்கள். ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று பாருங்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் உடல்வாரும் கயிறும் மாட்டியிருக்க வேண்டும். மேலே இருவர் கயிற்றை விடாமல் நிற்க வேண்டும், புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல், டீசல் பம்ப்பை உள்ளே இறக்காதீர்கள், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மெழுகுவத்திச் சோதனையையும் விடுங்கள். புழங்கிய செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் அது வெடிக்கும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். புளோயரால் உள்ளே காற்று செலுத்திக்கொண்டே இருங்கள், கயிறு இருந்தால் இழுங்கள், 101, 108 இரண்டையும் அழையுங்கள்.

புழக்கத்தில் உள்ள செப்டிக் டேங்கைப் பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இதில் உயிரிழப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உரிமம் உள்ள கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

சாரத்துக்கு என்ன விதி?

3.6 மீட்டருக்கு மேல் போகும் சாரத்தில் நிற்குமிடத்துக்கு 90 செ.மீ. உயரத்தில் தடுப்புக் கம்பு வேண்டும். பலகை இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் ஒரு பருவம் கிடந்த கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே இற்றிருக்கும். லிஃப்ட் குழி, படிக்கட்டு ஓரம், டக்ட் (குழாய்கள் இறங்கத் தளத்தில் விடும் திறப்பு) ஆகியவற்றைத் தளம் போட்ட அன்றே அடைத்துவிடுங்கள். சாரத்திலிருந்து விழுவதைப் போலவே மூடாத டக்டில் விழுவதும் அடிக்கடி நடக்கிறது.

வேலைக்கு மின்சாரம் பழைய வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கலாமா?

கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டு, வாரம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வைப்ரேட்டர், கட்டர் வயர்களில் டேப் சுற்றிய ஒட்டு ஈரத் தளத்தில் கிடக்கக் கூடாது.

பத்து வருட வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா?

கேட்க வேண்டியது ஒன்றுதான்: கீழே போட்ட அஸ்திவாரம் எத்தனை மாடிக்குக் கணக்குப் போட்டது? பழைய கட்டமைப்பு வரைபடம் இருந்தால் பதில் அதில் இருக்கும். இல்லையென்றால் ஒரு தூணின் அடியைத் தோண்டி அஸ்திவார அளவைப் பார்த்து, கம்பியைக் கண்டறியும் கருவி, காங்கிரீட்டின் பலத்தைத் தட்டி அறியும் ரீபவுண்டு சுத்தியல், தேவைப்பட்டால் கோர் வெட்டு (காங்கிரீட்டில் உருளையாக மாதிரி வெட்டி எடுப்பது) ஆகியவற்றால் சோதிக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மூன்று மீட்டர் உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கே ஏறத்தாழ 1.3 டன். அதனால் மாடிச் சுவரைக் கீழே சுவரோ பீமோ இல்லாத இடத்தில் எழுப்பக் கூடாது. மேலே நீட்டிவிட்ட பழைய தூண் கம்பி துருவேறி மெலிந்திருந்தால் அதில் ஒட்டாதீர்கள். கூடுதல் தளத்துக்கும் புது அனுமதி வேண்டும்.

சுற்றுச்சுவர்தானே, அதற்கும் பொறியாளரா?

2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் மண்மட்டம் உயர்ந்திருந்தால் அதைச் சுற்றுச்சுவராக எண்ணக் கூடாது. மண்ணைத் தாங்கும் சுவராகவே வடிவமைக்க வேண்டும். தண்ணீர் வெளியேற அடியில் 75 மி.மீ. குழாய்களை இரண்டு மீட்டருக்குள் ஒன்றாக வைத்து, பின்னால் ஜல்லி நிரப்புங்கள். இருக்கும் சுவர் சாய்ந்தாலோ, நீளவாக்கில் விரிசல் விட்டாலோ, நடுவில் உப்பினாலோ மழைக்காலத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். ஏற்கெனவே நிற்கும் சுவரின்மேல் நாலு வரி ஏற்றுவதும், அதில் மணலைச் சாய்த்துக் கொட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

தீயணைப்பு, லிஃப்ட்?

18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் தேவை, வீட்டுக்குள் வைத்தாலும். சிறு அடுக்குமாடியில் கண்கூடாகத் தெரியும் தவறு, படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டியும் அதன் பக்கத்தில் இருசக்கர வாகனங்களும் இருப்பது. தீ அங்கே பிடித்தால் இறங்க வேறு வழியில்லை.

விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு?

கட்டும்போதோ இடிக்கும்போதோ போதிய கவனம் எடுக்காததே தனிக்குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 290ஆம் பிரிவு. கவனக்குறைவால் உயிர் போனால் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. யார் எதைச் செய்யத் தவறினார் என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே வரைபடம், பொறியாளரின் ஒப்புதல் தாள்கள், கட்டிச் சோதனை முடிவு ஆகியவற்றைக் கோப்பில் வையுங்கள். வேலைக்கு வருபவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். 

அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற திட்டத்தில் ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் கட்டுநர் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்து மனையில் ஆபத்தாகக் கட்டுகிறார்கள். யாரிடம் சொல்வது?

மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வின் அமலாக்கப் பிரிவுக்கும் ஒரு நகல். கதவு எண், சர்வே எண், தேதி தெரியும் படங்கள், உங்கள் வீட்டில் வந்த விரிசலின் அளவு ஆகியவற்றைச் சேர்த்து எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் அறிவிப்பு அனுப்பவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் உண்டு. விரிசல் நாளுக்கு நாள் விரிந்தால் கடிதத்துக்குக் காத்திராமல் வீட்டை விட்டு வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். விரிகிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது.